தங்கச்சி நாள் முழுக்கச் சமையல் வீடியோ பார்க்கிறாள், தானே சமைக்கிறாள், ஆனால் சாப்பிடுவதில்லை. இது என்ன?

விளவங்கோடு அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். குழித்துறைக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தங்கச்சி திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கி டிகிரி இரண்டாம் வருடம் படிக்கிறாள், இப்போது ஸ்டடி லீவில் வீட்டில் இருக்கிறாள். லெந்து காலத்தில், ஈஸ்டருக்கு முந்தைய நோன்பில், மீனும் இறைச்சியும் விட்டாள். அது எங்கள் வீட்டில் எல்லாரும் செய்வதுதான், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஈஸ்டர் அன்றைக்கு ஆப்பமும் ஆட்டிறைச்சியும் வைத்தோம், வயிறு சரியில்லை என்று எழுந்து போனாள். மீன் அதோடு சரி, திரும்ப வரவில்லை. அப்புறம் தேங்காயை விட்டாள், அப்புறம் சோற்றை. எங்கள் ஊரில் தேங்காய் இல்லாமல் என்ன குழம்பு வைப்பது, சொல்லுங்கள்.

எனக்குப் புரியாதது இதுதான். சாப்பாடு வேண்டாம் என்கிறவள் சாப்பாட்டை விட்டு ஒதுங்கித்தானே இருக்க வேண்டும்? இவள் கண் விழித்ததும் போனில் பார்ப்பது சமையல் வீடியோ. பிரியாணி அண்டாவைத் திறப்பது, யாரோ ஒரு கொரியாக்காரர் மேசை நிறைய வைத்துத் தின்பது, இதெல்லாம் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு மணிக்கணக்காக. மத்தியானம் அவளே அடுக்களையில் நின்று மரச்சீனிக் கிழங்கு அவிக்கிறாள், சாளைக் குழம்பு வைக்கிறாள். உப்பு மட்டும் அவள் பார்க்க மாட்டாள், என்னைக் கூப்பிட்டு என் உள்ளங்கையில் ஊற்றிப் பார்க்கச் சொல்வாள். எல்லாருக்கும் பரிமாறிவிட்டு நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தம்பி இரண்டாவது தடவை சோறு போட்டால் முகம் மாறுகிறது. அவள் தட்டில் ஒரே ஒரு இட்லி, அதையும் பொடிப்பொடியாகப் பிய்த்து, எல்லாரும் கை கழுவி எழுந்த பிறகும் நகர்த்திக்கொண்டே இருப்பாள்.

அடுத்தது கண்ணாடி. அலமாரிக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று வயிற்றைப் பார்ப்பது, சட்டையை இழுத்துப் பிடித்துப் பார்ப்பது. பேசிக்கொண்டிருக்கும்போதே பெருவிரலும் நடுவிரலும் மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துப் பார்க்கின்றன, அவளுக்கே தெரியாமல் கை போகிறது. ஆனால் குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுக்கலாம் என்றால் ஓடிவிடுவாள். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. கையைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. பீரியட்ஸ் நின்று சில மாதம் ஆகிறது என்று போன வாரம்தான் சொன்னாள்.

ஒரு டாக்டரிடம் காட்டினோம். தைராய்டு சரியாக இருக்கிறது, இந்த வயதில் பெண்பிள்ளைகள் டயட் இருப்பதுதான் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அம்மா கண்ணூறு என்று மிளகாய் சுற்றிப் போட்டாயிற்று (நாங்கள் சபைக்குப் போகிறவர்கள், அதெல்லாம் கணக்கில்லை போலிருக்கிறது). மனநல டாக்டர் என்று நான் வாய் திறந்ததும், திருவனந்தபுரத்து ஊளம்பாறை மனநல ஆஸ்பத்திரிக்குப் போனவள் என்று ஊர் சொல்லும், நாளைக்கு யார் கட்டுவான் என்று அழுகிறார்.

இது பிடிவாதமா, நோயா? அவளிடம் என்ன பேசுவது? எங்கே காட்டுவது?


தோவாளை அண்ணாச்சி:

போனைப் பிடுங்கி வையம்மா, எல்லாம் சரியாகும். எங்கள் காலத்தில் பழைய கஞ்சியும் சம்மந்தித் துவையலும் கிடைத்தால் போதும் என்று இருந்தோம், இப்போது வயிறு நிறைந்த வீட்டில்தான் இந்த வியாதி எல்லாம் வருகிறது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண்டித்து ஊட்டினால் சாப்பிடாமல் எங்கே போவாள். தப்பாக நினைக்காதே, பெரியவன் என்ற முறையில் சொல்கிறேன்.


நைட் டூட்டி:

அக்கா, நானும் மார்த்தாண்டத்துக்காரிதான், வேலூரில் சைக்கியாட்ரி வார்டில் நர்ஸ். நேரில் பார்க்காமல் நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியது அத்தனையும் அனோரெக்ஸியா, அதாவது எடை கூடிவிடும் என்ற பயத்தில் பட்டினி கிடக்கிற நோய், உள்ளவர்களிடம் வார்டில் நான் பார்ப்பதுதான், உப்புப் பார்க்க உங்களைக் கூப்பிடுவது உட்பட. அண்ணாச்சி, கோபித்துக்கொள்ளாதீர்கள், கண்டித்து ஊட்டுவது பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில் பாதி சரி.

முதலில் சமையல் வீடியோ. பசி இல்லாதவர்தான் சாப்பிடாமல் இருப்பார் என்று நாம் நினைக்கிறோம். அவளுக்குப் பசி இருக்கிறது, மூளை முழுக்கச் சாப்பாடுதான். இதற்கு 1940-களிலேயே ஒரு பெரிய ஆதாரம் கிடைத்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடியப்போகும் நேரம், ஐரோப்பாவில் பட்டினி கிடக்கிற ஜனங்களுக்கு எப்படிச் சோறு போட்டுத் தேற்றுவது என்று தெரிய வேண்டும். அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்கிற விஞ்ஞானி 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எல்லாரும் போருக்குப் போக மனசாட்சி இடம் தராது என்று மறுத்தவர்கள், உடலிலும் மனதிலும் திடமானவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். 1945-ல் ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கமான சாப்பாட்டில் ஏறக்குறைய பாதிதான் கிடைத்தது, உடல் எடையில் கால்வாசி குறைந்தது.

அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சமையல் புத்தகம் படித்தார்கள், சமையல் குறிப்புகளைச் சேர்த்து வைத்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டைக் கலக்கிப் பிசைந்து, தண்ணீர் ஊற்றிப் பெருக்கி, இழுத்து இழுத்துச் சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருப்பவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சு, கனவு, எல்லாம் சாப்பாடு. எப்போதும் குளிர்கிறது என்றார்கள். சிலருக்குச் சோதனை முடிந்த பிறகு சமையல்காரர் ஆகலாம் என்றே ஆசை வந்தது. இன்னொரு விஷயம்தான் எனக்கு ஆச்சரியம்: தாங்கள் எலும்பாகிப் போனது அவர்களுக்குப் பெரிதாகத் தெரியவில்லை, மற்றவர்கள் எல்லாரும் குண்டாகத் தெரிந்தார்கள். ஒல்லியாக வேண்டும் என்று நினைத்துப் போனவர்கள் இல்லை அக்கா, ஆம்பிளைகள், வீடியோவும் இல்லாத காலம். பட்டினி மட்டுமே இவ்வளவும் செய்தது.

அதனால் உங்கள் தங்கச்சிக்குப் பிடிவாதமா என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். உடம்பு சாப்பாட்டைத் தேடுகிறது, நோய் வாயை மூடி வைத்திருக்கிறது, நடுவில் கண்ணுக்கு மட்டும் அனுமதி.

கண்ணாடி விஷயம் கொஞ்சம் வேறு. இந்த நோயாளிகளின் கவனம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வண்ண மையில் சொற்களை எழுதிக் காட்டி, படிக்காதே, மையின் நிறத்தை மட்டும் சொல் என்று ஒரு பரீட்சை உண்டு. கேக், தொடை, வயிறு என்கிற மாதிரிச் சொல் வந்தால் இவர்களுக்கு நிறம் சொல்லத் தாமதமாகிறது, சொல் பிடித்து இழுத்துக்கொள்கிறது. அப்புறம் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவி வந்தது. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் அனிதா யான்சனும் அவர் கூட்டாளிகளும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கோளாறின் அறிகுறி உள்ள பெண்களுக்கு அவர்களுடைய படத்தையும் பிறருடைய படத்தையும் காட்டினார்கள். தன் படத்தில் தனக்குப் பிடிக்காத இடத்திலேயே கண் நின்றது, அடுத்தவர் படத்தில் அழகான இடத்துக்குப் போனது. அறிகுறி இல்லாத பெண்களுக்கு நேர் தலைகீழ்: தன்னிடம் நல்ல இடத்தைப் பார்க்கிறார்கள், மற்றவரிடம் குறையைப் பார்க்கிறார்கள். நாம் எல்லாரும் நம்மை அப்படிக் கொஞ்சம் ஏமாற்றிக்கொண்டுதான் நிம்மதியாக இருக்கிறோம் போல. அதே குழுவினர் பின்னால், சாதாரணப் பெண்களையே தங்களுக்குப் பிடிக்காத இடத்தைப் பார்க்க வைத்துப் பழக்கியபோது அவர்களுக்கும் தங்கள் உடம்பு மேல் திருப்தி குறைந்தது. ஆக, ஒவ்வொரு தடவை வயிற்றைப் பார்ப்பதும் மணிக்கட்டைப் பிடிப்பதும் அவளுக்குச் சும்மா ஒரு பழக்கம் இல்லை, நோய்க்குப் போடுகிற தீனி. நீ ஒல்லியாகத்தான் இருக்கிறாய், கண்ணாடியைப் பார் என்று சொல்லி நிரூபிக்கப் போகாதீர்கள். பார்ப்பாள், அதே வயிற்றைத்தான் பார்ப்பாள்.

அவசரம் எது என்று சொல்லிவிடுகிறேன். எழுந்தால் மயக்கம் வருவது, நெஞ்சு படபடப்பு, நாடி ரொம்ப மெதுவாக ஓடுவது, கால் வீக்கம், சாப்பிட்டதும் பாத்ரூம் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, தண்ணீரை மட்டும் குடித்து ஓட்டுவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மனநல டாக்டர் வரும் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். 2025 மார்ச்சில் கண்ணூர்ப் பக்கம் 18 வயதுப் பெண் ஒருத்தி இப்படி இறந்த செய்தி மலையாளச் சேனல்களில் நாள் கணக்கில் ஓடியதே, பார்த்திருப்பீர்கள்.


கொழிஞ்சாம்பாறை:

நான் பாலக்காட்டுப் பக்கம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மலையாளம், காலேஜ் கோயம்புத்தூர். எனக்கு இந்த நோய் இருந்தது, இப்போது சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். உள்ளே இருந்து எப்படி இருக்கும் என்று யாராவது சொன்னால் அக்காவுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பெரியப்பா மகள் கல்யாணம், பெரிய மண்டபம், இலை போட்டுச் சத்யா விருந்து. எந்த அத்தை எத்தனை தடவை பாயசம் வாங்கினார், யார் பப்படத்தை ஒதுக்கி வைத்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். என் சித்தி மகள் போட்டிருந்த ப்ளவுஸ் கழுத்தில் அவள் தோள் எலும்பு எப்படித் தெரிந்தது என்று படமே வரைவேன். கல்யாணப் பெண் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்று தெரியாது. தாலி கட்டும்போது நான் அங்கேதான் நின்றேன், கையில் அட்சதை கூட இருந்தது. அம்மன் கோயில் கொடைக்கு வீட்டுக்குப் பக்கத்துக் கம்பத்தில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டினால் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காதே, தலைக்குள் அப்படித்தான் இருக்கும். பாடம் படிக்க முடியாது. புத்தகத்தைத் திறந்தால் அடுத்த வேளை என்ன, அதில் எதை விடலாம் என்ற கணக்கு.

வீடியோ பார்ப்பது எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்தேன், பார்த்த பிறகு பசி இன்னும் கூடும், அதை அடக்கினால் ஒரு வெற்றி. மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுவதும் அப்படியே. எல்லாரும் சாப்பிடுகிறார்கள், நான் சாப்பிடவில்லை, நான்தான் பலசாலி. கேவலமாக இருக்கிறது இப்போது எழுத, ஆனால் அப்படித்தான் இருந்தது. அதனால்தான் உங்கள் தம்பி மறுசோறு போடும்போது முகம் மாறுகிறது அக்கா, அவன் தின்பது பிடிக்காமல் இல்லை. அவனால் எப்படி ஒரு கணக்கும் இல்லாமல் போட்டுக்கொள்ள முடிகிறது என்ற பொறாமை.

எனக்கு வைத்தியம் பார்த்த சைக்காலஜிஸ்ட் முதலில் உடம்பைப் பற்றி ஒன்றும் பேசவே இல்லை. சாப்பாட்டு நேரம், அளவு, எடை ஏறுவது, அவ்வளவுதான் பல வாரம். எடை கொஞ்சம் ஏறிய பிறகுதான் மணிக்கட்டைப் பிடிப்பது, இடுப்பைக் கிள்ளிப் பார்ப்பது, கடைக் கண்ணாடியில் நடந்துகொண்டே பார்ப்பது, இதையெல்லாம் ஒரு நாள் முழுக்கக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார். அந்தத் தாளைப் பார்த்து நானே பயந்துபோனேன். அப்புறம் ஒரு ஆளுயரக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, நெற்றியில் தொடங்கிக் கால்விரல் வரைக்கும், எந்த இடத்திலும் தேங்காமல், அசிங்கம் பெரிசு என்ற சொல்லெல்லாம் இல்லாமல், இருப்பதை மட்டும் சொல்லச் சொன்னார். முட்டியில் சைக்கிளில் விழுந்த தழும்பு இருக்கிறது. காதில் ஒரு பக்கத் தோடு மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது. இப்படி. முதல் தடவை தொடைக்கு வந்ததும் அழுதுவிட்டேன். தொடரத் தொடர, தழும்பும் தோடும் கூடத் தெரிய ஆரம்பித்தன, வயிறு அவற்றோடு ஒன்றாக நின்றது. இதை வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம், கூட ஒரு ஆள் வேண்டும், உடம்பு ஓரளவு தேறியும் இருக்க வேண்டும்.


தோவாளை அண்ணாச்சி:

சரி, ஒத்துக்கொள்கிறேன், நோய்தான். ஆனால் போனுக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்லாதீர்கள். என் பேத்திக்குப் பதினொரு வயது, முகத்துக்கு எந்த க்ரீம், இடுப்புக்கு எந்த எக்சர்சைஸ் என்று பேசுகிறது.


நைட் டூட்டி:

சம்பந்தம் இருக்கிறது அண்ணாச்சி, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஃபிஜித் தீவில் நாட்ரோகா என்கிற பகுதிக்கு 1995-ல்தான் டி.வி. வந்தது. அங்கே நல்ல சதைப்பிடிப்பு இருந்தால்தான் வீட்டில் நன்றாகக் கவனிக்கிறார்கள் என்று அர்த்தம், நம் பாட்டிமார் சொல்வது போலத்தான். ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் டி.வி. வந்த புதிதில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளிடம் கேட்டபோது எடை குறைக்க வாந்தி எடுப்பதாக ஒருத்திகூடச் சொல்லவில்லை. 1998-ல் அதே வயதுப் பிள்ளைகளிடம் கேட்டால் 11.3 சதவீதம். அது டி.வி., பார்க்காத நேரத்தில் அணைந்து கிடக்கும். போன் நாம் எதில் ஒரு நொடி கூடுதலாக நின்றோம் என்று பார்த்து அதையே மறுபடி கொண்டுவந்து வைக்கும். கண் ஏற்கெனவே ஒரே பக்கம் சாய்ந்திருக்கிற பிள்ளைக்கு அது எவ்வளவு வசதி என்று யோசியுங்கள்.

ஆனால் எல்லாப் பிள்ளைகளும்தான் போன் பார்க்கிறார்கள், எல்லாருக்கும் இந்த நோய் வருவதில்லை. பரம்பரையில் பதற்றம், எதையும் கச்சிதமாகச் செய்ய வேண்டும் என்கிற குணம், பள்ளியிலோ வீட்டிலோ உடம்பை வைத்துக் கேலி, ஒரு டயட், ஒரு உபவாசம், பலது சேர்ந்துதான் தொடங்குகிறது. ஒருநாள் போனைப் பிடுங்கினால் அவள் தலைக்குள் ஓடுவது நிற்காது, உங்கள் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போகும். அவளோடு உட்கார்ந்து, வா, இந்தச் சானல்களை எடுத்துவிடுவோமா என்று கேட்டுச் செய்வது வேறு.


டம்பெல் பையன்:

பெண்பிள்ளைகள் நோய் என்றே எல்லாரும் பேசுகிறீர்கள். பாறசாலையில் நான் போகும் ஜிம்மில் நாலு சுவரும் கண்ணாடி. ஒரு செட் முடிந்ததும் எல்லாரும் அவரவர் கையைப் பார்ப்பான், அப்புறம் பக்கத்தில் இருப்பவன் கையைப் பார்ப்பான். என் நண்பன் ஒருவன் எந்தக் கல்யாணத்துக்கும் வர மாட்டான், வந்தால் டப்பாவில் முட்டை வெள்ளையும் சிக்கனும். கை பனங்கட்டை மாதிரி இருக்கும், இன்னும் சின்னதாக இருக்கிறது என்று முழுக்கைச் சட்டை போடுகிறான். தசை போதவில்லை என்ற நினைப்பே நோயாவது உண்டு என்று டாக்டர் சொன்னபோதுதான் அவன் வீட்டில் நம்பினார்கள். ஒல்லியானால்தானே கவலைப்படுவார்கள், இவனை எல்லாரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.


விளவங்கோடு அக்கா:

எல்லாரும் எழுதியதைப் படித்தேன், இரண்டு தடவை. ராத்திரி அவளிடம் மெதுவாகக் கேட்டேன், நாள் முழுக்கச் சாப்பாடு நினைப்புதானா பிள்ளே என்று. கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "கனவுலகூட புட்டும் பயறும்தான் வருது அக்கா, தின்னுட்டேன்னு பயந்து முழிச்சிருதேன்" என்று அழுதாள். அந்த மினசோட்டா ஆட்கள் கனவைப் பற்றி முன்பே படித்திருந்ததால்தான் நான் பயப்படாமல் உட்கார்ந்திருந்தேன்.

மயக்கம் ஒரு தடவை வந்ததாம், ஹாஸ்டலில், யாரிடமும் சொல்லவில்லை. வாந்தி எடுப்பதில்லை என்கிறாள், நம்புகிறேன்.

இப்போது என் பிரச்சினை அம்மாவும் பாட்டியும். ஒருவர் "எலும்பும் தோலுமா போச்சே" என்று நெஞ்சில் அடித்துக்கொள்கிறார், இன்னொருவர் அவள் ஒரு வாய் கூடுதலாகச் சாப்பிட்டால், "பாரு, இன்னைக்கு நல்லா சாப்பிட்டா, முகம் தெளிஞ்சிருக்கு" என்கிறார். உடனே கை நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்து வெளியே வந்தால் நாலு மாமிமார், என்ன டயட், எங்களுக்கும் சொல்லேன் என்று. அவள் முகத்தில் அப்போது வருகிற சந்தோஷத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அண்ணாச்சி சொன்னதில் பாதி சரி என்றீர்களே, அது என்ன? எங்கே காட்டுவது என்றும் சொல்லுங்கள்.


நைட் டூட்டி:

ஹாஸ்டலில் மயங்கியிருக்கிறாள் என்றால் நாளைக்கே ஒரு ஈசிஜி எடுத்துவிடுங்கள், ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், சர்க்கரை. சில பேருக்கு ரிப்போர்ட் எல்லாம் சரியாக வரும், வந்தாலும் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள், நாடியும் பிரஷரும் எடையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். பீரியட்ஸ் நின்றதைக் கட்டாயம் சொல்லுங்கள். டாக்டரிடம் வெறும் சோர்வு என்று சொன்னால் சத்து மாத்திரைதான் கிடைக்கும். ஈஸ்டரிலிருந்து என்னென்ன விட்டாள் என்று இங்கே எழுதினீர்களே, அதையே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

உங்களுக்குக் கிட்ட என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி. இல்லையென்றால் அந்தப் பக்கம் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ், அவள் ஹாஸ்டலில் இருக்கும்போது தொடர்ந்து காட்ட அது வசதி. இரண்டிலும் மனநலப் பிரிவும் பொது மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, அதுதான் முக்கியம், இந்த நோய்க்கு இரண்டு பேரும் வேண்டும். அதுவரை யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ், அரசாங்க எண், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், காசு இல்லை. ஊளம்பாறை பயத்துக்கு அம்மாவிடம் நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: 1956 வரைக்கும் நம் ஊரே திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது, நம் பாட்டா காலத்து ஆட்களுக்கு அது அவர்களுடைய சர்க்கார் ஆஸ்பத்திரி. ஓபியில் சீட்டு எடுத்து டாக்டரைப் பார்த்துவிட்டு மத்தியானம் பஸ் ஏறி வீட்டுக்கு வருகிறவர்கள்தான் அங்கேயும் அதிகம். மெடிக்கல் காலேஜுக்குப் போனால் காய்ச்சலுக்குப் போனாளா எதற்குப் போனாளா என்று யாருக்குத் தெரியப்போகிறது.

அண்ணாச்சி சொன்ன பாதி. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் ஒரு முறையை உருவாக்கினார்கள், வீட்டில் பெற்றோரோடு இருக்கிற சின்ன வயதுப் பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நன்றாக வேலை செய்வது அதுதான். என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்ற முடிவைப் பிள்ளையிடமிருந்து வாங்கிப் பெற்றோர் கையில் கொடுப்பது. யார் காரணம் என்று தேடுவதில்லை, அம்மா மேலும் பழி இல்லை. அம்மா பரிமாறுவார், பக்கத்திலேயே உட்கார்வார், தட்டு முடியும் வரை எழ மாட்டார். கண்டிப்பு உண்டு, ஆனால் திட்டு கிடையாது, கெஞ்சல் கிடையாது, வாயில் திணிப்பது கிடையாது. உங்கள் தங்கச்சிக்கு வயது கொஞ்சம் கூட, அவள் சம்மதத்தோடு அவளுக்கு ஏற்ற மாதிரி டாக்டர் மாற்றிச் சொல்வார்.

ஒரு எச்சரிக்கை. டாக்டர் பார்க்கும் முன்னால், இத்தனை நாள் விட்டதை எல்லாம் ஈடுகட்டுகிறேன் என்று ஒரே நாளில் இலை நிறையப் போடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் ரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று இறங்கி இதயமே நிற்கலாம். போர் முடிந்து விடுதலையான கைதிகளுக்கு இப்படி நடந்திருக்கிறது. எவ்வளவில் தொடங்கி எப்படிக் கூட்டுவது என்று அவர்கள் சொல்வார்கள்.

எடை மெஷின் வீட்டில் இருந்தால் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். சமையலை அவளிடமிருந்து கொஞ்ச நாள் வாங்கிக்கொள்ளுங்கள். சாளைக் குழம்பு நீங்கள் வையுங்கள், தேங்காய் அரைத்தே வையுங்கள்.


கொழிஞ்சாம்பாறை:

மாமிமார் விஷயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், அதில் எனக்கு அனுபவம் ஜாஸ்தி.

மெலிந்துவிட்டாய் என்றால் எனக்கு அது பரிசு. முகம் தெளிந்திருக்கிறது என்றால் குண்டாகிவிட்டாய் என்று காதில் விழும். எது சொன்னாலும் அவள் கவனம் மறுபடி உடம்புக்குத்தான் போகும், அதனால் நல்லதும் சொல்ல வேண்டாம், கெட்டதும் சொல்ல வேண்டாம். எங்கள் அம்மாவுக்கு இது பிடிபட ரொம்ப நாள் ஆனது. கடைசியில் அவர் கண்டுபிடித்த வழி, சாப்பிடும் நேரம் முழுக்க எங்கள் தெருவில் யார் யாரோடு சண்டை என்று பேசுவது. டி.வி. சீரியலை விட நன்றாக இருக்கும், பாதி அவரே கற்பனையாகச் சேர்ப்பார் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. நான் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டே தோசையை முடித்த நாட்கள் உண்டு. முடித்த பிறகுதான் தெரியும், தெரிந்ததும் பயம் வரும். அந்த அரை மணி நேரம்தான் ஒரு நாளின் கஷ்டமான நேரம், அப்போது என்னைத் தனியாக விடாமல் ஏதாவது வேலை கொடுப்பார், பூக் கட்டுவது, கேரம் ஆடுவது, எதுவானாலும்.

சபை வாசலுக்கு நீங்கள் முன்னால் போய் நில்லுங்கள் அக்கா. டயட் கேட்கிற மாமியிடம், அவளுக்கு உடம்பு சரியில்லை, டாக்டரிடம் காட்டுகிறோம் என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டு அவர் மருமகளைப் பற்றி விசாரியுங்கள். பத்து நிமிஷம் நீங்கள் தப்பித்தீர்கள்.

இன்னொன்று, அவளிடம் எடையைப் பற்றிப் பேசாமல் அவளுக்கு என்ன போய்விட்டது என்று பேசுங்கள். அவள் பாடுவாளா, பேட்மின்டன் ஆடுவாளா, யாரோடாவது சிரித்துக்கொண்டு ட்ரெயினில் வருவாளா, அது எங்கே போயிற்று என்று. நான் டாக்டரிடம் போக ஒத்துக்கொண்டது உடம்புக்குப் பயந்து இல்லை, ஒரு பக்கம் படித்தால் நினைவில் நிற்கவில்லை, பரீட்சை போய்விடும் என்று பயந்துதான்.


விளவங்கோடு அக்கா:

சபைக் குழுப்பாட்டில் அவள்தான் ஆல்டோ, பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவள். கிறிஸ்துமஸ் வரைக்கும் பாடினாள், இப்போது நின்று பாட மூச்சு இல்லை என்று போவதில்லை. இன்றைக்குக் காலையில் அதைத்தான் பேசினேன், வயிற்றைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. வியாழக்கிழமை ஆசாரிப்பள்ளம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். அவள் போட்ட நிபந்தனை, எடை பார்த்தால் எண்ணைத் தன்னிடம் சொல்லக் கூடாது. ஈசிஜி இன்றைக்கே இங்கே எடுத்துவிட்டோம், நாடி மெதுவாக இருக்கிறது, வியாழனுக்குள் மயக்கம் வந்தால் நேராகக் காஷுவாலிட்டிக்குப் போகச் சொன்னார்கள். அம்மாவும் கூட வருகிறார், பொது மருத்துவத்துக்குத்தான் போகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அந்த நிபந்தனைக்கு ஒத்துக்கொள்வார்களா?


நைட் டூட்டி:

ஒத்துக்கொள்வார்கள். மெஷினில் முதுகைத் திருப்பி நிற்க வைத்து நாங்களே குறித்துக்கொள்வோம், புதிதாக யோசிக்கிற வேலையே இல்லை. சீட்டில் எடை எழுதுகிற இடத்தைப் பார்க்காமல் நீங்கள் மடித்து வைத்துக்கொள்ளுங்கள், அது பல பேர் மறப்பது. அம்மாவிடம் மட்டும் இன்றைக்கு ராத்திரியே மனநலப் பிரிவும் உண்டு என்று சொல்லிவிடுங்கள், அங்கே போய் போர்டைப் படித்துத் தெரிந்துகொண்டால் வரிசையிலேயே அழுவார், தங்கச்சி திரும்பி நடந்துவிடுவாள். ஓபி சீட்டு சீக்கிரம் வாங்க வேண்டும், எட்டு மணிக்கு முன்னால் அங்கே இருங்கள். காலையில் அவள் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வரட்டும், வெறும் வயிற்றில் அந்த வரிசையில் நிற்க வைக்க வேண்டாம்.